நாற்பது மைக்ரோ நொடி

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பட்டு நூல் முறுக்கும் ஒரு ஷெட்டில் லீலா ஆறு வருஷமாக ஆபரேட்டர். எட்டு மிஷின்களில் இரண்டாம் நம்பர் அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் சான்றிதழையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனாள். ஆபீசில் அதை வாங்கிப் பார்த்தவர், "நூல் முடிச்சுப் போடத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். சான்றிதழ் உறைக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது.

ஹனூர் பக்கத்துப் பெண் அவள். அப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரி, மக்காச்சோளமும் ராகியும். கொள்ளேகாலில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, டைல்ஸ் ஒட்டும் முனிராஜைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். வந்த புதிதில் ஒரு சின்ன கம்பெனியில் சர்க்கிட் போர்டுக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை. கம்பெனி இடம் மாறிப் போனபோது லீலா மைசூரிலேயே நின்றுவிட்டாள். ஆனால் பற்றவைக்கும் கோலை மட்டும் விடவில்லை. மேட்டகள்ளி வாடகை வீட்டின் மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம், முனிராஜின் டைல்ஸ் வெட்டும் மிஷின் சூடேறினால் தானாக நிறுத்தும் பெட்டி என்று அவள் செய்துவைத்ததெல்லாம் தெருவில் பிரசித்தம். இரண்டுக்கும் மூளை ஒரே மாதிரிச் சின்ன போர்டுதான். பள்ளிப் பிள்ளைகள் கண்காட்சிக்கு வாங்குவார்களே, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த நீல நிறப் போர்டு. கம்ப்யூட்டரில் பத்து வரி எழுதி அதில் ஏற்றினால், சொன்னதைச் சொன்னபடி திரும்பத் திரும்பச் செய்யும்.

மூன்றாம் மிஷினில் கோளாறு தொடங்கியது உகாதி கழிந்து பத்துநாளில். ஷிப்டுக்குப் பத்து, பன்னிரண்டு இழை அறுந்த இடத்தில் நாற்பது, ஐம்பது என்று அறுந்தது. அந்த மிஷின் தேவம்மாவுடையது. ஐம்பது வயதை நெருங்குகிற, ஷெட்டிலேயே மூத்த ஆபரேட்டர். அவளும் ஹனூர்ப் பக்கம்தான் என்பதால் லீலாவுக்கு அக்கா முறை.

ஃபிட்டர் கரியப்பன் மிஷினை நிறுத்தி, நூலை முறுக்கும் கதிர்களை, வரிசைக்கு அறுபதாக நூற்றிருபது ஸ்பிண்டிலையும், ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தார். அவற்றைச் சுற்றவைக்கும் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரி. ஓட விட்டால் மறுபடி அறுந்தது. சூப்பர்வைசர் அருண்ராஜ் இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். மே ஒன்றாம் தேதியிலிருந்து தேவம்மா கழிவு நூல் பிரிக்கும் பகுதிக்குப் போக வேண்டும், மூன்றாம் மிஷினுக்கு வேறு ஆள்.

"கண்ணு மங்கிப்போச்சாம், கை நடுங்குதாம்" என்றாள் தேவம்மா, சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே. "என்ற கையப் பாரு அம்மிணி. நடுங்குதா?"

நடுங்கவில்லை. லீலா வேறொன்றைக் கவனித்திருந்தாள். தேவம்மா அறுந்த இழையை முடியப் போகும்போதெல்லாம் பெரும்பாலும் மிஷினின் தெற்குப் பாதிக்கே ஓடினாள்.

"உன்ற கை மேல தப்புன்னா எல்லா இடத்துலயும்தானே அறுபடோணும்? ஒரே பக்கம் ஏனக்கா அறுபடுது?"

"இதை அவருகிட்டச் சொல்லு."

சொன்னாள். அருண்ராஜ் கெட்டவரல்ல; எட்டு மிஷினுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். கன்னடம் கலந்துதான் பேசுவார். "கரியப்பன் ரெண்டு தடவை செக் பண்ணிட்டாரும்மா. மிஷின் கம்பெனி ஆள் வர்றதுக்கு ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் நூல் அறுந்துட்டே இருக்கணுமா? நீ உன் கெலசத்தைப் பாரு."

கரியப்பன் பார்த்ததெல்லாம் நின்ற மிஷினை. ஓடும்போது அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கவும் முடியாது. நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்றும் ஸ்பிண்டில் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புகைத்தூண் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஓடுவதை நிற்பதுபோலக் காட்டும் விளக்கைப் பற்றி லீலா ஐ.டி.ஐ.யில் படித்திருக்கிறாள். ஸ்பிண்டில் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு கணம் ஒளி விழுந்தால், கண் அந்த ஒரே நிலையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும். சுற்றும் பொருள் சிலையாகிவிடும்.

கணக்குச் சின்னதுதான். நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் என்றால் நொடிக்கு நூற்றைம்பது. ஒரு சுற்றுக்கு ஆறாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு மைக்ரோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோ நொடி. இந்த ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒருமுறை விளக்கைப் போட்டு அணைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பெரிய எல்.ஈ.டி.யை ஒரு அலுமினியத் தகட்டில் வைத்துப் பற்றவைத்தாள். புரோகிராம் எழுதினாள். போடு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு காத்திரு, அணை, மீதி நேரம் காத்திரு. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தன் மிஷினில் ஒரு ஸ்பிண்டிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். சிலையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளைப் புகை அப்படியே இருந்தது.

மத்தியானமெல்லாம் கை இழையை முடிந்துகொண்டிருக்க, மனம் அதையே சுற்றியது. நாலு மணி சுமாருக்குப் பிடிபட்டது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நமக்குத்தான் சின்ன நேரம். அதற்குள் ஸ்பிண்டில் ஐம்பது டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். அவ்வளவு நேரம் விளக்கு எரிந்தால் உருவம் இழுபட்டுப் புகையாகத்தான் தெரியும். ஒளி இருபது மைக்ரோ நொடிக்கு மேல் எரியக்கூடாது. போர்டுக்கு அவ்வளவு சின்னக் காத்திருப்பும் தெரியும். அதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. அதைப் போட்டாள். அவ்வளவு குறைந்த நேரத்தில் வெளிச்சம் போதவில்லை. எல்.ஈ.டி.யைப் பன்னிரண்டாக்கினாள்.

புதன்கிழமை அருண்ராஜையே கூப்பிட்டாள். அவர் கரியப்பனையும் அழைத்து வந்தார். ஜன்னலுக்குத் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, மூன்றாம் மிஷினுக்கு மேலிருந்த குழல் விளக்குகளை அணைத்தார்கள். மிஷினின் நடுப்பக்கம் மட்டும்தான் பிளக் பாயிண்ட் இருந்தது. லீலா பெட்டியை அங்கே மாட்டி விளக்கைத் திருப்பினாள்.

புகைத்தூண்கள் மறைந்தன. வெளிச்சத்துக்குள் விழுந்த ஆறு ஸ்பிண்டிலும், அவற்றில் மாட்டிய ஆறு நூல் பாபினும் இழை இழையாகத் தெரிந்தன. பாபின்களில் அடையாளத்துக்குப் பேனாவால் போட்டிருந்த கோடுகூடத் தெரிந்தது. அந்தக் கோடு நிற்கவில்லை. நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்று நிதானமாக முன்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா!" என்றார் கரியப்பன். முப்பது வருஷமாகக் கையில் தொட்ட சாமானை முதல் தடவையாக ஓட்டத்தில் பார்க்கிறவரின் குரல் அது.

லீலா அந்தக் குரலில் மயங்கிவிட்டாள். யோசிக்காமல் பேசினாள். "சார், முன்னால போகுது பாருங்க. அப்படின்னா ஒன்பதாயிரத்துக்கு மேல ஓடுதுங்க. வேகம் அதிகம். அதனாலதான் இழை தாங்காம அறுபடுது."

"மோட்டாரோட இன்வர்ட்டர் திரையில வேகம் சரியாத்தானே காட்டுது?"

"அது தப்பாக் காட்டுதுங்க சார்."

அருண்ராஜ் தயங்கினார். பிறகு மூன்றாம் மிஷினின் வேகத்தை மறுநாள் முழுக்கக் குறைத்து ஓட்டச் சொன்னார். தேவம்மா லீலாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "பொழைச்சேன் அம்மிணி" என்றாள்.

வேகம் குறைந்தது, நூல் குறைந்தது, அறுபடுவது மட்டும் குறையவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் லீலா பெட்டியை எடுத்துவந்து தன் இரண்டாம் மிஷினிலேயே காட்டினாள். நாள் முழுக்க எட்டு இழைகூட அறாத மிஷின் அது. கோடு அதே வேகத்தில் முன்னோக்கிப் போனது. ஐந்தாம் மிஷினிலும் போனது. ஏழாம் மிஷினிலும் போனது.

தப்பு மிஷினிடம் இல்லை, பெட்டியிடம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான். ஆனால் அவள் சொன்ன சொல்லை நம்பி ஒரு நாள் உற்பத்தி போயிருந்தது. நேரே அருண்ராஜின் மேஜைக்குப் போனாள்.

"சார், நேத்து நான் சொன்னது தப்புங்க. மிஷின் வேகம் சரியாத்தான் இருக்குது. என்ற விளக்குதான் பிந்தி எரியுது."

அருண்ராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "ஆய்த்தாம்மா, முடிஞ்சுதா? நான் மேனேஜர்கிட்ட என்ன சொல்றது? ஆபரேட்டர் பேச்சைக் கேட்டு வேகத்தைக் குறைச்சேன்னா?"

"நான் வந்து சொல்றேனுங்க. தப்பு என்னுதுதானே."

"பேடா, பேடா, வேண்டாம்மா. இதோட விட்டுடு."

"விளக்கு தப்புன்னுதானுங்க சொன்னேன். அக்கா கை தப்புன்னு சொல்லலை. திங்கக்கிழமை மறுபடி கொண்டாரேன். ஒரே ஒரு தடவை பாருங்க."

அவர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார். வாசலில் காத்திருந்த தேவம்மாவிடமும் உள்ளதைச் சொன்னாள். தேவம்மா பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். "நீ சும்மா இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் வீட்டில் இருந்தான். கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, மனைவி போர்டை முறைத்துப் பார்ப்பதைப் பார்த்தான்.

"கணக்கு சரி மாமா. இருபது காத்திரு, அப்புறம் ஆறாயிரத்து அறுநூத்தி நாப்பத்தேழு காத்திரு. கூட்டினா கரெக்ட். ஆனா விளக்கு பிந்துது. எவ்வளவு பிந்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அவ்வளவு சின்ன நேரத்தை அளக்கற மீட்டருக்கு நான் எங்க போவேன்?"

"நாங்க டைல்ஸுக்கு நடுவுல விடற இடைவெளியை எப்படிப் பார்ப்போம்னு நெனைக்கற? ஒரு இடைவெளியை அளந்தா ஒண்ணும் தெரியாது. இருபது டைல்ஸைச் சேத்து டேப் வெச்சா, தப்பு இருந்தா விரல்கட்டை அளவுக்கு வந்து நிக்கும்."

லீலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அறுபதாயிரம் தடவை மின்னிவிட்டு நிற்கும்படி புரோகிராமை மாற்றினாள். தப்பில்லாமல் ஓடினால் சரியாக நானூறு நொடியில் முடிய வேண்டும். முனிராஜ் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆறு நிமிஷம் நாற்பது நொடி ஆனதும் விளக்கையே பார்த்தார்கள். அது அணையவில்லை. இன்னும் இரண்டு நொடி கழித்துத்தான் அணைந்தது.

"நானூத்தி ரெண்டு புள்ளி நாலு" என்றான்.

மறுபடி ஓட்டினார்கள். நானூற்று இரண்டரை. மூன்றாம் தடவையும் ஏறக்குறைய அதுவே. லீலா தாளில் வகுத்துப் பார்த்தாள். ஒரு மின்னலுக்கு நாற்பது மைக்ரோ நொடி கூடுதல்.

நாற்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அந்தப் பகல் முழுதும் ஆனது. போனில் சிப்பின் விவரப் புத்தகத்தைத் திறந்து படித்தாள். காத்திருக்கச் சொன்ன நேரத்தைத்தான் அவள் கூட்டியிருந்தாள். விளக்கைப் போடுவதற்கும் அணைப்பதற்கும் போர்டுக்கு ஆகும் சில மைக்ரோ நொடிகளை விட்டுவிட்டாள். அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. போர்டு தன் சொந்தக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் போய்வரும். போய்வந்த நேரம் காத்திருந்த கணக்கில் சேராது; விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். தொட்டி அலாரத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்பிண்டிலுக்கு இதுவே ஒரு சுற்றுக்கு இரண்டு டிகிரி.

நாற்பதைக் கழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த நாற்பது ஒவ்வொரு தடவையும் ஒரே நாற்பதாக இருக்காது; சில மின்னலில் கூடும், சிலதில் குறையும். உருவம் நடுங்கும். நடுங்குகிற விளக்கால் நடுக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே காத்திருக்கும் வேலையையே புரோகிராமிடமிருந்து பிடுங்கினாள். அந்தச் சிப்புக்குள் தனியாக ஒரு எண்ணி, அதாவது டைமர், இருக்கிறது. புரோகிராம் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது பாட்டுக்கு அரை மைக்ரோ நொடிக்கு ஒன்று என எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்தில் விளக்கைப் போடு, நாற்பதில் அணை, பதின்மூன்றாயிரத்து முன்னூற்று முப்பத்துமூன்றில் மறுபடி பூஜ்யத்துக்குப் போ என்று அதனிடம் சொல்லிவிட்டாள். இடைவெளியைத் துளித்துளியாகக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்களும் வைத்தாள்.

முனிராஜ் ஸ்டாப்வாட்சை எடுத்தான். விளக்கு அணைந்தபோது அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். நானூறு புள்ளி ஒன்று.

"அந்த ஒண்ணு என் விரலு" என்றான்.

திங்கட்கிழமை பத்து மீட்டர் வயரும் ஒரு ஜங்ஷன் பாக்ஸும் எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை மூன்றாம் மிஷினைத் தொடவில்லை. முதலில் தன் மிஷினில் விளக்கைப் பிடித்து, பொத்தானை நாலைந்து தடவை தட்டினாள். பாபினின் கோடு ஊர்ந்தது, மெதுவானது, நின்றது. ஆணி அடித்தாற்போல நின்றது. அடுத்த ஸ்பிண்டில், அதற்கடுத்தது என்று வரிசையாக விளக்கைக் கொண்டுபோனாள். நூற்றிருபதும் நின்றன. ஐந்தாம் மிஷினிலும் அப்படியே பார்த்தாள். கரியப்பன் அவளோடு நடந்துகொண்டே வந்தார். அருண்ராஜ் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், ஐந்தாம் மிஷின் முடிவதற்குள் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"இப்ப விளக்கு சரியா இருக்குதுன்னு ஒத்துக்கறீங்களா சார்?"

"சரிம்மா. மூணாவதை நோடோணா, பார்த்துடுவோம்."

வடக்கு முனையிலிருந்து முதல் வரிசையில் தொடங்கினாள். பத்து, இருபது, முப்பது. எல்லாம் நின்றன. நாற்பதாவதும் நின்றது. நாற்பத்தொன்றில் விளக்கு விழுந்தபோது தேவம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, இது வழுக்குது!"

கோடு நின்றது, திடுமெனப் பின்னால் சரிந்தது, ஒரு உதறலோடு பிடித்துக்கொண்டது, மறுபடி சரிந்தது. பக்கத்திலிருந்ததும் அப்படியே. நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை எட்டும் சொல்லிவைத்தாற்போல வழுக்கி வழுக்கிப் பிடித்தன. ஒவ்வொரு உதறலுக்கும் மேலே இழை விண்ணென்று இழுபட்டது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்துநாலாவது அறுந்தது. நாற்பத்தொன்பது சிலையாக நின்றது.

லீலா விளக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பேச வேண்டியது அவளல்ல என்று தெரிந்தது.

கரியப்பன் குனிந்து, அந்த எட்டுக்கும் பின்னால் பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் ரோலரைப் பார்த்தார். "இந்த எட்டுக்கும் ஒரே ரோலர்தான். லைட்டைக் கொஞ்சம் உள்ளே காட்டும்மா." காட்டினாள். பெல்ட் துள்ளும்போதெல்லாம் ரோலர் அதை விட்டு விலகி விலகி வந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தது. மிஷின் நிற்கும்போது ரோலர் பெல்ட்டைத் தொட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். ஓடினால்தான் அதன் பலவீனம் தெரியும்.

"நான் ரெண்டு தடவை கை வெச்சுப் பார்த்தேன்" என்றார் கரியப்பன். "நின்ன மிஷின்ல பார்த்தேன்." பிறகு, யாரும் கேட்காமலே தேவம்மாவின் பக்கம் திரும்பி, "உன் கைல ஒண்ணுமில்லை தாயி" என்றார்.

ஸ்பிரிங்கை மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. மாற்றிவிட்டு ஓட்டியபோது லீலா மறுபடி விளக்கைப் பிடித்தாள். எட்டும் நின்றன. அன்றைய ஷிப்டு முடியும்வரை மூன்றாம் மிஷினில் ஒன்பது இழை அறுந்தது. கரும்பலகையில் அதை எழுதும்போது அருண்ராஜ், கழிவுப் பகுதிக்கு மாற்றுவதாக ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். தேவம்மா அதைப் பார்க்காதது போல முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும்போது லீலாவின் கையிலிருந்த வயர்ச் சுருளை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை சுமந்து வந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து மிஷின் கம்பெனி ஆள் வந்தார். ஸ்பிரிங் சோர்ந்த ரோலரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, பெட்டியையும் திறந்து பார்த்தார். "காத்திருக்கச் சொல்ற டிலே கட்டளையை வெச்சா பண்ணீங்க?" என்று கேட்டார். "முதல்ல அதைத்தானுங்க வெச்சேன். நாப்பது மைக்ரோ நொடி ஏமாத்துச்சு" என்றாள் லீலா. அவர் சிரித்துவிட்டு, பெட்டியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. ஆனால் எண்ணியை எப்படி அமைத்தாள் என்பதை மட்டும், "எழுத்துல கேட்டா எழுத்துல தாரேனுங்க" என்றாள்.

ஆடி மாதம் அவளை மெயின்டெனன்ஸுக்கு மாற்றினார்கள். ஆபீசில் சான்றிதழைக் கேட்டார்கள். இந்தத் தடவை நகல் எடுத்து ஃபைலில் வைத்தார்கள். இப்போது வாரத்துக்கு ஒருநாள் எட்டு மிஷினையும் விளக்கோடு ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாள். எந்த ஸ்பிண்டில் சோம்புகிறது என்று இழை அறுவதற்கு முன்பே கரியப்பனுக்குச் சொல்லிவிடுகிறாள்.

போன வாரம் அருண்ராஜ் வந்தார். முதலாளிக்கு குண்டலுபேட்டை ரோட்டில் இன்னொரு ஷெட் இருக்கிறது. அங்கேயும் இரண்டு மிஷினில் நூல் அறுபடுகிறதாம்.

"உன் பெட்டியை ரெண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பும்மா. அங்க இருக்கிற ஃபிட்டர் பார்த்துக்குவார்."

லீலா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "பெட்டி தனியாப் போகாதுங்க சார். எது நிக்குது, எது நிக்கற மாதிரி தெரியுதுன்னு பார்க்க ஆள் வேணும். ஜீப் அனுப்புங்க, நானும் வர்றேன்."

ஜீப் வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வந்தது.